தோட்டப்பள்ளியும் தொடுதிரையும்

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் இருப்பவற்றுள் பல, இரப்பர்த் தோட்டங்களில் தோன்றியவை. ஏழு முதல் 14 வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பணித்தது. லயன் வீடுகளுக்கு அருகே ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, ஓர் ஆசிரியர் என்ற அளவில் அவை தொடங்கின. சில தோட்டங்களில் கங்காணியே ஆசிரியர். அவர் சொன்னதே பாடம். அவருக்குத் தெரியாததை மாணவன் வேறு யாரிடமும் கேட்டறிய வழியில்லை.

அந்நிலையை மாற்ற முதலில் வந்த கருவிகள் வானொலியும் தொலைக்காட்சியும். கல்வித் தொலைக்காட்சி நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு தொடங்கியது. ஆனால், பெட்டி பேசும், மாணவன் கேட்பான். அவனுக்கு எது விளங்கவில்லை என்பது பெட்டிக்குத் தெரியாது. 1999ஆம் ஆண்டு விவேகப் பள்ளித் திட்டம் 87 பள்ளிகளில் சோதனை முறையில் தொடங்கியது. கணினிக்கூடம் பள்ளியின் பெருமையாயிற்று. சில பள்ளிகளில் அது பூட்டியே கிடந்ததும் உண்டு.

பின்னர், 2011ஆம் ஆண்டு, சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் மெய்நிகர்க் கற்றல் தளமும் வழங்கும் பெருந்திட்டம் கையெழுத்தானது. ஆனால், அத்தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சுட்டியது. 2019ஆம் ஆண்டின் நடுவில் அத்திட்டம் முடிவுற்றது. கருவியை வாங்குவது எளிது. அதைப் பாடவேளைக்குள் கொண்டுவருவதுதான் கடினம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

தமிழ்ப்பள்ளிக்கு இன்னொரு தடையும் இருந்தது. திரையில் தமிழ் தெரிய வேண்டுமே! அத்தடையை நீக்கியவர்களுள் முன்னோடி நம் நாட்டவரான முத்து நெடுமாறன். அவர் 1985ஆம் ஆண்டு உருவாக்கிய ‘முரசு’ மென்பொருளால் கணினியில் தமிழைத் தட்டெழுத முடிந்தது. 2005ஆம் ஆண்டு வெளிவந்த ‘செல்லினம்’ கைப்பேசிக்கும் தமிழைக் கொண்டுவந்தது. இன்று ஓர் ஆசிரியை, பெற்றோரின் புலனக் குழுவில் வீட்டுப்பாடத்தைத் தமிழிலேயே அனுப்புகிறார் என்றால், அதன் பின்னே இத்தகையோரின் நெடுங்கால உழைப்பு இருக்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றல் தொடங்கியபோதுதான், எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்பது வெளிப்பட்டது. கல்வி அமைச்சின் ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. மடிக்கணினி வைத்திருந்தோர் ஏறத்தாழ 9 விழுக்காட்டினரே. பெரும்பாலோருக்கு வகுப்பறை என்பது திறன்பேசியின் உள்ளங்கையளவுத் திரைதான். செம்பனைத் தோட்டத்துக்கோ தொழிற்சாலைக்கோ வேலைக்குச் செல்லும் தந்தை அத்திறன்பேசியையும் எடுத்துச் சென்றுவிடுவார். அவர் திரும்பிய பிறகே பிள்ளைக்குப் பள்ளி திறக்கும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு என்றால் ஒருவர் காத்திருக்க வேண்டும்.

ஆகவே, ஆசிரியர்கள் முறையை மாற்றினர். நேரலை வகுப்பை இரவுக்குத் தள்ளினர். விளக்கத்தைக் குரல் பதிவாக அனுப்பினர். இணையம் எட்டாத வீடுகளுக்கு அச்சிட்ட பயிற்றிகளைச் சேர்ப்பித்தனர். அதே ஆண்டு ஜூன் மாதம் அமைச்சு ‘டெலிமா’ கற்றல் தளத்தை அறிமுகம் செய்தது. ஆசிரியரின் பணியும் உருமாறியது. முன்பு ஒரு முறை சொன்ன விளக்கம் காற்றோடு போயிற்று. இப்போது மாணவன் அதை நிறுத்தி, பின்னோக்கி, மூன்று முறைகூடக் கேட்கலாம். வகுப்பில் கை தூக்கக் கூச்சப்படும் மாணவன், தனிச் செய்தியில் ஐயம் கேட்டான். ஆனால், யார் பசியோடு இருக்கிறார், யார் வாடிய முகத்தோடு இருக்கிறார் என்பதை அணைத்து வைத்த படக்கருவி காட்டவில்லை.

சிறிய பள்ளிகளுக்கு இம்மாற்றம் வேறொரு வகையில் உதவக்கூடும். 150 மாணவர்க்கு மேற்படாத பள்ளியைக் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்பர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகருக்குப் பெயர்ந்ததால், தமிழ்ப்பள்ளிகள் பல இந்நிலைக்கு வந்தன. முப்பது பேர்கூட இல்லாத இடங்களில், இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் அமர்த்திக் கற்பிப்பதும் உண்டு. மூன்றாம் ஆண்டினர் காணொலியில் பாடம் பார்க்கும் நேரத்தில், ஆசிரியர் நான்காம் ஆண்டினருடன் அமரலாம். இயந்திரம் ஆசிரியரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று அஞ்சுவோர், முதலில் இந்த வகுப்பறையைப் பார்க்க வேண்டும்.

இடைநிலைப்பள்ளியில்தான் சிக்கல் கூர்மையாகிறது. பதினைந்து மாணவரின் பெற்றோராவது கோரினால் தமிழ் கற்பிக்க வழிசெய்யலாம் என்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் ஏற்பாடு. ஒரு பள்ளியில் ஆறு பேர், அடுத்ததில் நால்வர், இன்னொன்றில் ஐவர் எனத் தமிழ் மாணவர் சிதறியிருந்தால் எந்தப் பள்ளியிலும் எண்ணிக்கை சேராது. இணைய வகுப்பில் அவர்கள் பதினைந்து பேரும் ஒன்றாக அமரலாம். பெருந்தொற்றுக் காலத்தில், எஸ்.பி.எம். தமிழ் மொழிக்கும் இலக்கியத்துக்கும் ஆர்வலர் பலர் இப்படித்தான் வகுப்பு நடத்தினர். எனினும், சட்டம் எண்ணுவது ஒரே பள்ளியில் உள்ளவர்களை. திரையில் கூடுபவர்களை அன்று. அந்த வகுப்புக்கு அட்டவணையில் நேரமும் இல்லை, பள்ளியில் ஆசிரியர் பணியிடமும் இல்லை. மாணவர்கள் இரவில் ஒன்றாகப் படிக்கிறார்கள். தேர்வு எழுத மட்டும் தத்தம் பள்ளிக்குத் தனித்தனியே செல்கிறார்கள்.