மோட்டார் அறையில் ஒரு சிற்றெறும்பு

எறும்பைப் பற்றிக் கட்டுரை எழுத வட்டார வளர்ச்சி அலுவலருக்கு என்ன வந்தது என்று வாசகர்கள் வியக்கக்கூடும். காரணம் உண்டு.

தாம்பரத்தை அடுத்த ஓர் ஊராட்சியில் ஒரு கோடையில் குடிநீர் மோட்டார் அடிக்கடி நின்றுபோயிற்று. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்த போதெல்லாம் உள்ளே செத்த எறும்புகள் குவியலாகக் கிடந்தன. கம்பியின் மேலுறையும் அரிக்கப்பட்டிருந்தது. ஊராட்சியினர் எறும்புப் பொடி வாங்கி அறை முழுவதும் தூவினர். பத்து நாட்களில் எறும்பு திரும்பி வந்தது. மறுபடியும் பொடி வாங்கினர். அந்தச் செலவைச் சரியென்று ஒப்புக்கொண்டவன் நானே. அடுத்த முறை நான் சென்றபோது, வார்டு உறுப்பினரான ஓர் அம்மையார், “இது எந்த எறும்பு, ஐயா?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. கிணற்றின் கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டு முழத் தொலைவில் நஞ்சுப் பொடி வெள்ளையாகப் படிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஊரார் குடிக்கும் நீர் அது.

அன்றே சில எறும்புகளை ஸ்பிரிட் நிரம்பிய சிறு குப்பியில் இட்டு, விலங்கியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவரிடம் கற்றதை இங்கே பாடமாகத் தருகிறேன்.

பெயரும் குலமும்

எறும்புகள் யாவும் ஃபார்மிசிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குளவியும் தேனீயும் அவற்றின் உறவினங்கள். கறையான் எறும்பு அன்று. அது கரப்பான் பூச்சியின் உறவு. உலகில் 14,000க்கு மேற்பட்ட எறும்பினங்களுக்கு விஞ்ஞானிகள் இதுவரை பெயரிட்டுள்ளனர். இந்தியாவில் மட்டும் 800க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. நாமோ பிள்ளையார் எறும்பு, கட்டெறும்பு, கடியெறும்பு, முசுறு என்று நாலைந்து பெயர்களுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம்.

எங்கள் மோட்டார் அறை எறும்பின் விஞ்ஞானப் பெயர் டிரைக்கோமிர்மெக்ஸ் டெஸ்ட்ரக்டர். நாம் தந்தையின் பெயரை முன்னும் நம் பெயரைப் பின்னும் எழுதுவது போலவே இதுவும் அமைந்துள்ளது. முதற்சொல் பேரினத்தையும், இரண்டாம் சொல் இனத்தையும் குறிக்கும். டெஸ்ட்ரக்டர் என்பதற்கு அழிப்பது என்று பொருள். இப்பெயரை இட்டவர் டி. சி. ஜெர்டன். இவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். இந்தியப் பறவைகளைப் பற்றிய நூலாலும் புகழ்பெற்றவர். தென்னிந்தியாவில் தாம் கண்ட எறும்புகளின் பட்டியலை 1851ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதழில் அவர் வெளியிட்டார். அதில் இந்த எறும்புக்கு அட்டா டெஸ்ட்ரக்டர் என்று பெயரிட்டார். பின்னர் இது மோனோமோரியம் என்னும் பேரினத்தில் நெடுங்காலம் வைத்து எண்ணப்பட்டது. மரபணு ஆராய்ச்சியின் பயனாக 2015ஆம் ஆண்டில் டிரைக்கோமிர்மெக்ஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. முன்பெயர் இவ்வாறு மாறியபோதிலும் ஜெர்டன் இட்ட பின்பெயர் மாறவில்லை.

உடல் அமைப்பு

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் கீழ்க்கண்டவற்றை எவரும் காணலாம்.

1. அளவு: வேலைக்கார எறும்பின் நீளம் 1.8 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை. ஒரே சாரையில் சிறியவையும் பெரியவையும் கலந்து செல்லும். இதுவே வெறுங்கண்ணுக்குத் தெரியும் முதல் அடையாளம்.

2. நிறம்: தலையும் மார்பும் மங்கிய மஞ்சள் அல்லது பழுப்பு கலந்த மஞ்சள். வயிறு கறுத்த பழுப்பு. வயிற்றின் அடிப்பாகத்தில் பெரும்பாலும் ஒரு மஞ்சள் திட்டு இருக்கும்.

3. இடை: மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு சிறு முடிச்சுகள் உண்டு. மார்பின் பின்புறத்தில் முள் கிடையாது.

4. உணர்கொம்பு: 12 கணுக்கள் கொண்டது. கடைசி மூன்று கணுக்கள் பருத்துக் கதாயுதம் போல் இருக்கும்.

5. தலை: கண்கள் மிகச் சிறியவை. தலையின் பின்பகுதியில் குறுக்காக நுண்ணிய கோடுகள் ஓடும்.

ஒத்த தோற்றமுடைய பிற எறும்புகள்

நெருப்பெறும்பு அமெரிக்காவிலிருந்து வந்து நம் வயல்களில் குடியேறியது. அதிலும் சிறியதும் பெரியதும் உண்டு. ஆனால் உணர்கொம்பில் 10 கணுக்களே இருக்கும், பருத்தவை இரண்டே. அது கொட்டினால் எரியும். விதைகளையும் தூக்கிச் செல்லும். பாரோ எறும்பும் மஞ்சள் நிறமே. ஆனால் எல்லாம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவில் இருக்கும். பேய் எறும்பு என்று சொல்லப்படும் மிகச் சிறிய வகைக்குத் தலை கறுப்பு, வயிறு வெளுப்பு. நம் எறும்புக்கு நேர்மாறு. 2022ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை அடிவாரத்தில் கால்நடைகளுக்குப் பெருந்தொல்லை தந்த மஞ்சள் பைத்தியக்கார எறும்போ 4 முதல் 5 மில்லிமீட்டர் நீளமும், நீண்ட கால்களும், இடையில் ஒரே முடிச்சும் உடையது.

வாழ்க்கை முறை

டெஸ்ட்ரக்டர் எறும்பு மண்ணிலும், சுவர் வெடிப்பிலும், மரப்பொந்திலும் கூடு அமைக்கும். இனிப்பு, எண்ணெய்ப் பண்டம், செத்த பூச்சி எதையும் விடாது. துணி, ரப்பர், மின்கம்பியின் பிளாஸ்டிக் உறை ஆகியவற்றையும் கடித்து அரிக்கும். ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும் என்பதே இதில் முக்கியமான செய்தி. நாம் தூவும் பொடி, சாரையில் வரும் வேலைக்கார எறும்புகளை மட்டுமே கொல்கிறது. ராணிகள் கூட்டுக்குள் பத்திரமாக இருந்து மேலும் முட்டையிடுகின்றன. எங்கள் பொடிச் செலவு வீணானதன் காரணம் இதுவே.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மின்சாரத்தை நிறுத்தி, தகுந்த மின்பணியாளரைக் கொண்டு பெட்டியைத் துப்புரவு செய்ய வேண்டும். அரிக்கப்பட்ட கம்பியை மாற்றிக் கம்பி நுழையும் துளைகளை அடைக்க வேண்டும். இரண்டாவதாக, சாரையைப் பின்தொடர்ந்து கூடு இருக்கும் இடத்தைக் கண்டறிய வேண்டும். மூன்றாவதாக, இரை வைக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் அமிலமும் கரைத்துப் பஞ்சில் நனைத்து, துளையிட்ட மூடிய டப்பாவில் சாரையின் அருகே வைக்கலாம். அமிலத்தின் அளவைக் கூட்டுதல் தவறு. கூட்டினால் எறும்பு வழியிலேயே மடியும், ராணிக்கு இரை போய்ச் சேராது. டப்பா குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்திலும், குடிநீருக்கு அப்பாலும் இருக்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பொறுமை தேவை.

எங்கள் மோட்டார் அறையில் மூன்று வாரங்களில் சாரை மெலிந்தது. கிணற்றோரத்துப் பொடியைக் கூட்டி அள்ளி அகற்றினோம்.

எறும்பு அனைத்தும் பகை என்று எண்ணலாகாது. மா, முந்திரித் தோப்புகளில் முசுறு பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுகிறது. பொடிக்கு அந்த வேறுபாடு தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

தாம்பரம் 2021ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடுகளும் மின்கம்பிகளும் நாளுக்கு நாள் பெருகுகின்றன. இந்த எறும்புக்கும் இடம் பெருகுகிறது. ஆகவே ஊராட்சி உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: எறும்பு மருந்து வாங்கத் தீர்மானம் எழுதுமுன் ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்கள். அந்த அம்மையார் கேட்ட கேள்வியை முதலில் கேளுங்கள். அதற்கு விடை கிடைத்த பின் மருந்தைப் பற்றிப் பேசலாம்.