கொல்லிமலைக்கு எந்தப் பைனாகுலர்?

அன்புள்ள தம்பிக்கு,

கொல்லிமலையில் பறவை பார்க்க 8×42 பைனாகுலர் வாங்கப்போகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். அளவு சரிதான். அதே அளவில் போரோ, ரூஃப் என இரண்டு வகை கிடைக்கிறதே, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். உள்ளே இருக்கும் பட்டகத்தைப் புரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது.

முன்பக்க லென்ஸ் காட்சியைத் தலைகீழாக்கிவிடும். பட்டகம் அதை நிமிர்த்தும். தோள் அகன்ற வடிவம் போரோ. இத்தாலியர் இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. நீ பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பாலேயே இதில் ஒளி திரும்புகிறது. தனிப் பூச்சு எதுவும் தேவையில்லாததால், குறைந்த விலையிலேயே தெளிவான காட்சி கிடைக்கும்.

நேர்க்குழாய் வடிவம் ரூஃப். பெரும்பாலானவற்றில் ஷ்மிட்-பெக்கான் பட்டகம் இருக்கும். அதன் ஒரு பரப்பில் முழு அக எதிரொளிப்பு நிகழாது, பூச்சு வேண்டும். அலுமினியப் பூச்சில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒளி போய்விடும். டைஎலெக்ட்ரிக் பூச்சு 99 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். பட்டகத்தின் கூரை போன்ற விளிம்பில் ஒளி இரண்டாகப் பிரிந்து சேர்வதால் நுண்விவரமும் மங்கும். அதைச் சரிசெய்யும் ஃபேஸ் கோட்டிங்கை 1988இல் சைஸ் நிறுவனம் கொண்டுவந்தது. கொஞ்சம் ஒளி குறைந்தால் கண் சமாளித்துக்கொள்ளும். போன கூர்மையை மீட்க முடியாது. பனிக்காலத்தில் வலசை வரும் ஆறுமணிக் குருவி, அந்தி மங்கலில் புதரடியில் சருகைக் கிளறும்போது இது உனக்கே தெரியும்.

இனி மலைக்கு வருவோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சட்டையை நனைக்கும் மூடுபனி. பெரும்பாலான போரோக்களில் ஃபோகஸ் திருகும்போது கண்வில்லைகள் வெளியே நகர்ந்து, சைக்கிள் பம்பு போல ஈரக்காற்றை உள்ளிழுக்கும். நாளடைவில் பூஞ்சை படரும். ரூஃபில் ஃபோகஸ் உள்ளேயே நடப்பதால் மூடி முத்திரையிட்டு, நைட்ரஜன் நிரப்புவது எளிது.

ஆகவே, கையில் பணம் குறைவென்றால் நீர்புகாத போரோ வாங்கு. கூடுதலாக இருந்தால் ஃபேஸ் கோட்டிங், டைஎலெக்ட்ரிக் பூச்சு இரண்டும் உள்ள ரூஃப். இரண்டும் இல்லாத மலிவு ரூஃப் வேண்டாம்.

கடையில் ஒரு சோதனை செய். பைனாகுலரைக் கைநீட்டிப் பிடித்து, வெளிச்சமான வானத்துக்கு நேரே காட்டு; சூரியனை நோக்கி மட்டும் வேண்டாம். கண்வில்லையில் சுமார் 5 மில்லிமீட்டர் ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் நல்லது. போரோவில் ஓரங்கள் சாம்பல் படிந்து சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால், பட்டகம் பேக்-4 (BaK-4) என்னும் உயர்தரக் கண்ணாடி அல்ல, மட்டரகம்; வைத்துவிட்டு வா.

வாங்கியபின், மலையிலிருந்து வந்ததும் ஈரம் துடைத்து உலரவிட்டு, சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வை. பல ஆண்டுகள் உழைக்கும்.

அன்புடன்,
அண்ணன்