பட்ஜெட்டில் வரி உயர்வைத் தேட வேண்டாம்

சென்னை மாநகராட்சி பட்ஜெட் வெளியான மறுநாள் வீட்டுக்காரர்கள் பேப்பரில் தேடுவது ஒன்றைத்தான்: சொத்து வரி ஏறுகிறதா? உரையில் அப்படி எதுவும் இல்லை என்றதும் மடித்து வைத்துவிடுகிறார்கள். அரையாண்டு கழித்து வரித்தொகையைப் பார்த்துவிட்டுக் கவுன்சிலரிடம் சண்டைக்குப் போகிறார்கள். தேடிய இடமே தப்பு.

2022-இல் உயர்வு ஏப்ரல் தொடக்கத்தில் அரசு அறிவிப்பாக வந்தது; மேயர் பிரியா பட்ஜெட்டைத் தாக்கல் செய்தது ஏப்ரல் 9-இல். 2024-இல் 6 சதவீத உயர்வு செப்டம்பர் மாமன்றக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேறியது. சொத்து வரி ஆண்டுதோறும் வளர்ந்தால்தான் மானியம் என்று 15-வது நிதி ஆணையம் விதித்த நிபந்தனை இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது. ஆகவே கண் வைக்க வேண்டியவை அரசு அறிவிப்புகளும் அரையாண்டு பிறக்கும் முன் நடக்கும் மாமன்றக் கூட்டங்களும். பட்ஜெட் உரையில் வரும் திருக்குறளையும் புதுத் திட்டப் பெயர்களையும் பிறகு வாசித்துக்கொள்ளலாம்.

அடுத்தது சொந்த வீட்டுக் கணக்கு. பலரும் தடுமாறுவது இங்கேதான், அவசரப்படக் கூடாது. மாநகராட்சி இணையதளத்தில் மண்டலம், வார்டு, பில் எண், உப எண் கொடுத்தால் விவரம் வரும். எல்லோரும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பரப்பளவு. 2022 உயர்வு பரப்பளவைப் படியாக வைத்துப் போடப்பட்டது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. அம்பத்தூர் போல 2011-இல் சேர்ந்த பகுதிகளுக்கு இதே படிகளில் 25, 50, 75, 100.

மயிலாப்பூரில் அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிய 1,190 சதுர அடி வீடு என்று வைத்துக்கொண்டால், 2022-இல் அது 1,750 ஆகி, 6 சதவீதமும் சேர்ந்து 1,855-க்கு வந்திருக்கும். அதே வீடு பதிவேட்டில் 1,210 என்று ஏறியிருந்தால் 2,120. இருபது சதுர அடிக்கு ஆண்டுக்கு 530 ரூபாய்! படியின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்காரர்கள் பத்திரத்தையும் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே ஆக வேண்டும்.

பயன்பாட்டையும் விடக் கூடாது. முன்னறையில் என்றோ நடத்திய கடையை மூடிய பிறகும் ‘வணிகம்’ என்றே பதிவு கிடந்தால், பழைய சென்னையில் அதற்கு ஏறியது 150 சதவீதம். தவறு தெரிந்தால் மண்டல அலுவலக வருவாய்ப் பிரிவில் பத்திர நகலோடு மனு தர வேண்டும். தபாலெல்லாம் வேண்டாம். நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குவதே சரி. குடிநீர் வாரியத்தின் வரி தனி. அதுவும் சொத்தின் ஆண்டு மதிப்பை வைத்தே கணக்கிடப்படுவதால், இங்கே திருத்தினால் அங்கேயும் சொல்லிவிட வேண்டும்.

இனி பட்ஜெட் புத்தகம். மொத்தத் தொகையில் மயங்க வேண்டியதில்லை. 2025-26-இன் 8,404 கோடியில் ஏறக்குறைய 3,190 கோடி மூலதனச் செலவு. மூலதனக் கணக்கில் கடனில் நடக்கும் வேலைகள் நிறைய. கொசஸ்தலையாறு வடிநில மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி. அந்தப் பணத்தைத் திருப்பி நம் தெருவுக்கு சாலை போடச் சொல்ல முடியாது.

இந்த ஆண்டு மதிப்பீட்டை மட்டும் படிப்பவர் ஏமாறுவார். போன ஆண்டுக்கு ஒதுக்கியது எவ்வளவு, திருத்திய மதிப்பீட்டில் அது எவ்வளவாகச் சுருங்கியது என்று பக்கத்துப் பத்திகளைப் பார்த்தால், பேச்சாக நின்றுபோன திட்டம் எது என்று தெரிந்துவிடும்.

தெருவிளக்கு, பூங்கா வேலி மாதிரிச் சின்ன வேலைக்கு நாட வேண்டியது கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி. 2025-26-இல் அதை 50 லட்சத்திலிருந்து 60 லட்சமாக உயர்த்தினார்கள். மார்ச்சில் போய் நின்றால் அந்த ஆண்டுப் பணம் பெரும்பாலும் பங்கு பிரிந்திருக்கும். பட்ஜெட் முடிந்த கையோடு, தெருப் பெயர், இடம், புகைப்படத்தோடு கேட்பவருக்கு வாய்ப்பு அதிகம். கழிவுநீர் அடைப்புக்காக இந்த வரிசையில் நிற்க வேண்டாம், அது குடிநீர் வாரியத்தின் வேலை.

வரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். மனு நிலுவையில் இருக்கிறதே என்று கட்டாமல் இழுத்தடிப்பவர்கள் இதை இழப்பதோடு அபராதமும் சேர்த்துக் கட்டுகிறார்கள்.