மசாஜ் நாற்காலியா, மணிக்கணக்கா?

கேள்வி: கார் சர்வீஸ் மையங்களில் காப்பி, மசாஜ் நாற்காலி என்று ஏன் இத்தனை உபசாரம்? (வாசகர், கிள்ளான்)

பதில்: உபசாரத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஜே.டி. பவர் நிறுவனம் மலேசியாவில் நடத்திய வாடிக்கையாளர் சேவை ஆய்வுகள் ஐந்து அம்சங்களை அளந்தன: வரவேற்பு, சேவை ஆலோசகர், மைய வசதி, வண்டியைத் திருப்பித் தருவது, வேலைத் தரம். காத்திருப்பு அறை அதில் ஒரு பங்குதான்.

டொயோட்டாவின் 'எக்ஸ்பிரஸ் மெயின்டனன்ஸ்' முறை வேறு வழியில் போனது. நாற்காலியை மெத்தென்று ஆக்குவதைவிட, உட்காரும் நேரத்தையே குறைத்தது. முன்பதிவு செய்த வண்டியில் ஒருவருக்கு மேற்பட்ட மெக்கானிக்குகள் ஒரே சமயத்தில் இறங்குவார்கள்; வழக்கமான பராமரிப்புக்கு இலக்கு 60 நிமிடம். இதுதான் உண்மையான உபசாரம்!

வேலை நீளுமென்றால் பிரிக்பீல்ட்ஸ்காரர் வண்டியை விட்டுவிட்டு, கே.எல். சென்ட்ரல் பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ரயில் நிலையமோ கடையோ அருகில் இல்லாத தொழிற்பேட்டை மையத்தில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் பிளக் பாயின்ட், வைஃபை, சூராவ், சுத்தமான கழிப்பறை எல்லாம் அவசியம்.

இன்னொன்று: நேரம் பேசி முடிவாகாத வேலையையும் நியாயமான காலத்துக்குள் முடித்துத் தரவேண்டும் என்கிறது 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். ஆகவே சாவியைக் கொடுக்கும்போதே, வண்டி எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.