ஆடுதலும் ஆட்டுவித்தலும்

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் கீழே விரியும் சேலம், நாமக்கல் சமவெளியில், வெயில் தாழ்ந்ததும் பள்ளித் திடல்களில் சிறுவர் கால்பந்தாடக் காணலாம். அவர்களுக்கு வழிகாட்டுவோருள் முன்னாள் ஆட்டக்காரர் பலர். ஆர்வத்தில் குறையில்லாதவர்கள்; எனினும், ஆடத் தெரிவது வேறு, ஆடக் கற்பிப்பது வேறு.

பத்து வயதுச் சிறுவன் ஒருவன் குதிகால் வலிக்கிறது என்கிறான் எனக் கொள்வோம். 'பொறுத்துக்கொண்டு ஓடு' என்பார் பழைய ஆட்டக்காரர். தாமும் அவ்வாறே வளர்ந்தவரல்லவா! அவ்வயதில் குதிகால் எலும்பின் ஒரு பகுதி இன்னும் முற்றாத குருத்தெலும்பாகவே இருக்கும். கெட்டித் தரையில் ஓயாது ஓடினால் அது நோகும். இதனைக் கற்றறிந்த பயிற்றுநர் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வளிப்பார். சித்திரை வெயிலில் பயிற்சியை எப்போது நிறுத்துவது, பந்தைத் தலையால் முட்ட எவ்வயதில் பழக்குவது என்பனவும் பட்டறிவால் மட்டும் விளங்குவன அல்ல. பத்து வயதும் அதற்குக் குறைவும் உடையோர் தலையால் முட்டுவதை அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015ஆம் ஆண்டிலேயே விலக்கியது.

ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய சையது அப்துல் ரஹீம் உடற்கல்வியை முறையாகப் பயின்றவர். அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றது. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது.

இன்று அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 'டி', 'சி', 'பி', 'ஏ' எனப் படிப்படியாகப் பயிற்றுநர் உரிமம் வழங்குகிறது. சிற்றூர் உடற்கல்வி ஆசிரியருக்குக் கட்டணமும் விடுப்பும் சுமையே. அச்சுமையைப் பள்ளி நிருவாகம் ஏற்பதே முறை.