பாடம் 7: ஒழுங்கையிலிருந்து ஏ9 வீதிக்குத் திரும்புதல்

கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதி 1990 இல் பூட்டப்பட்டது. 2002 இல் திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடியும் பூட்டப்பட்டது. போர் முடிந்து மக்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பியபோது வீதி குண்டும் குழியுமாகக் கிடந்தது. அந்தக் குழிகளே வாகனங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தன. இப்போது காப்பெற் போட்டு அகலப்படுத்தியாயிற்று. ஓமந்தையிலிருந்து ஆனையிறவு வரை பல இடங்களில் வீதி கோடு கிழித்தாற்போல் நேராகக் கிடக்கிறது. கொழும்பு பஸ்கள், சீமெந்து லொறிகள், விமான நிலைய வான்கள் எல்லாம் இரவு பகலாக ஓடுகின்றன.

வீதி மாறிவிட்டது. அதில் ஏறும் எங்கள் பழக்கம் மாறவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் விட்டு ஓடிய மோட்டார் சைக்கிளும், சைக்கிளும், மாட்டு வண்டியும்தான் வன்னியின் போக்குவரத்து. தூரத்தில் ஒரு வாகனம் தெரிந்தால் வீதியைக் கடந்து, நின்று ஒரு கதையும் கதைத்துவிட்டுப் போக நேரமிருந்தது. அந்தக் காலத்துக் கண்ணால் இன்றைய வீதியைப் பார்ப்பதுதான் ஆபத்து. இந்தப் பாடம் உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர், மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கும், விடுமுறைக்கு வந்து வாகனம் ஓட்டும் உறவினர்களுக்கும் உரியது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

தூரமல்ல, நேரம்

“பஸ் தூரத்திலதானே வருது” என்று சொல்லித்தான் எல்லோரும் வீதியில் ஏறுகிறோம். நேராக எங்களை நோக்கி வரும் வாகனத்தின் வேகத்தைக் கண்ணால் மட்டிடுவது கடினம். அது ஒரு புள்ளியாக நிற்பதுபோலத் தெரியும். பிறகு திடீரென்று பெருக்கும்.

கார், மோட்டார் சைக்கிள்களுக்கு நகருக்கு வெளியே அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் வாகனம் ஒரு செக்கனில் 19 மீற்றர் ஓடும். சாரதி உங்களைக் கண்டு, பிறேக்கை மிதித்து, வாகனம் நிற்க ஏறத்தாழ 60 மீற்றர் வேண்டும். 100 இல் வந்தால் ஒரு செக்கனில் 28 மீற்றர். நிற்க 100 மீற்றருக்கு மேல் தேவை. வீதி மழையில் நனைந்திருந்தால் இன்னும் கூடும். எல்லோரும் 70 இல்தான் வருகிறார்கள் என்று நம்பி வீதியில் ஏறக்கூடாது.

ஆகவே முதலில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று அறியுங்கள். ஒரு வெறும் வளவிலோ விளையாட்டு மைதானத்திலோ ஏழு மீற்றர் அகலத்துக்கு இரண்டு கோடு கீறுங்கள். அதுதான் வீதி. வழமையான சுமையுடன் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, வலப்பக்கம் திரும்பி அப்பாலுள்ள பாதிக்குப் போங்கள். வண்டியின் வால் முதல் பாதியை விட்டு முற்றாக விலகும் வரை ஒருவர் “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என்று எண்ணட்டும். ஒரு எண் ஏறத்தாழ ஒரு செக்கன். மோட்டார் சைக்கிளுக்கு நான்கு, ஐந்து வரும். நெல் மூட்டை ஏற்றிய பெட்டியுடன் உழவு இயந்திரத்துக்கு எட்டு, சிலவேளை பத்தும் வரும். வந்த எண்ணுடன் அதன் பாதியைக் கூட்டுங்கள். எட்டு வந்தால் பன்னிரண்டு. எஞ்சின் இழுக்காமல் போவதற்கும் கியர் விழாமல் போவதற்கும் அந்த மேலதிகம் வேண்டும்.

அடுத்து உங்கள் ஒழுங்கை வாயில் நின்று வீதியைப் பாருங்கள். தூரத்தில் ஒரு பாலை மரம், மின்கம்பம், மதகு என்று அடையாளம் ஒன்றைப் பிடியுங்கள். வேகமான வாகனமொன்று அந்த அடையாளத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்குங்கள். உங்களிடம் வந்து சேர எத்தனை? பன்னிரண்டுக்குக் குறைவென்றால் இன்னும் தூரத்திலுள்ள அடையாளத்தைத் தேடுங்கள். 80 இல் வரும் வாகனத்துக்குப் பன்னிரண்டு செக்கன் என்பது ஏறத்தாழ 270 மீற்றர். பலர் நினைப்பதைவிட இது மிகத் தூரம். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இரண்டு அடையாளங்கள் கிடைத்தால் அவை அந்த வண்டிக்குரிய எல்லைகள். எல்லைக்கு உள்ளே வாகனம் இருந்தால் நில்லுங்கள். பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

இடப்பக்கம் திரும்பினாலும் இரு பக்கமும்

இலங்கையில் வாகனம் இடப்பக்கமாக ஓடுகிறது. ஒழுங்கையிலிருந்து இடப்பக்கம் திரும்புபவர் வலப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏறுவது வழக்கம். ஏ9 இல் இது போதாது. இடப்பக்கத்திலிருந்து வரும் பஸ் ஒன்று இன்னொரு லொறியை முந்திக்கொண்டு வந்தால், அது நீங்கள் ஏறப்போகும் பாதியிலேயே, உங்கள் முகத்துக்கு நேரே வரும். எனவே வலம், இடம், மறுபடி வலம்.

வலப்பக்கம் திரும்புவது இதைவிடக் கடினம். ஒரு பாதியைக் கடக்கவும் வேண்டும், மறு பாதியில் சேரவும் வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெறுமையாக இருக்கவேண்டும். சந்தை நாளிலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் அப்படி ஒரு இடைவெளி கிடைக்காமலே போகலாம். அப்போது இடப்பக்கம் திரும்பி, வீதியோடு சேர்ந்து ஓடி, பார்வை நன்றாகத் தெரியும் அகலமான சந்தியில் திரும்பி வருவதே நல்லது. இரண்டு கிலோமீற்றர் கூட ஓடவேண்டியிருக்கலாம். அதற்கு எரியும் டீசல் பெரிய செலவல்ல.

பட்டணத்தில் வீதி நடுவே தடுப்புக் கட்டிய இடங்களில் முறை வேறு. அங்கே முதல் பாதியைக் கடந்து, தடுப்பின் இடைவெளியில் நின்று, மறு பாதியைப் பார்த்துச் சேரலாம். ஆனால் வண்டி முழுவதும் அந்த இடைவெளிக்குள் அடங்கவேண்டும். மோட்டார் சைக்கிள் அடங்கும், முச்சக்கர வண்டியும் பெரும்பாலும் அடங்கும். பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் அடங்காது. தலை நடுவிலும் வால் ஓடும் வீதியிலும் நிற்கும். அடங்காத வண்டிக்குத் தடுப்பு இருந்தும் இல்லாததுபோலத்தான்: இரு பக்கமும் வெறுமையாகும் வரை ஒழுங்கையிலேயே நில்லுங்கள். திரும்பும் தூரத்தை மிச்சம்பிடிக்கத் தடுப்போரமாக எதிர்த்திசையில் ஓடுவதை எவரும் செய்யக்கூடாது.

தண்டவாளமும் வீதியும் அடுத்தடுத்து

1990 இல் நின்றுபோன வடக்குப் புகையிரதம் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. தண்டவாளமே இல்லாமல் கிடந்த மேட்டில் ஆடு மாடு கட்டிப் பழகியவர்கள் நாங்கள். கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம் பக்கங்களில் பாதை பல இடங்களில் ஏ9 க்கு மிக அருகாக ஓடுகிறது. அங்கே ஒழுங்கையால் வருபவர் முதலில் தண்டவாளத்தைக் கடந்து, உடனேயே பெருவீதியில் திரும்பவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விதி மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது. தண்டவாளத்துக்கும் வீதிக்கும் இடையில் உங்கள் வண்டி முழுவதும் நிற்க இடமில்லையென்றால், வீதி வெறுமையாகும் வரை தண்டவாளத்துக்கு இப்பாலேயே நில்லுங்கள். முன் சில்லு வீதியோரத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருக்க, பெட்டி தண்டவாளத்தின்மேல் நிற்கும் நிலை வரக்கூடாது. லொறி பிறேக் பிடிப்பதுபோல ரயிலால் நிற்க முடியாது. இப்பால் நின்றால் வீதி தெரியவில்லையா? கூட வந்தவர் இறங்கி வீதியோரம் போய்ப் பார்த்துச் சைகை காட்டட்டும். தனியாக வந்தால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி நடந்து பாருங்கள். வழியிருந்தால் வேறு கடவையால் போவது இன்னும் நல்லது. மணியும் விளக்கும் உள்ள கடவையில் மணி அடித்தால் ரயில் தெரியாவிட்டாலும் நில்லுங்கள்.

ஒழுங்கை வாய்

காப்பெற் போட்டபின் வீதி உயர்ந்துவிட்டது, கிறவல் ஒழுங்கை தாழ்ந்து போயிற்று. பல ஒழுங்கைகளில் கடைசி இரண்டு மீற்றர் ஏற்றமாக இருக்கிறது. முன் சில்லு மேலே ஏறியதும் எஞ்சின் நின்றுபோவது இங்கேதான். வீதியோடு சமமாக ஒரு வண்டி நிற்கத்தக்க தட்டையான இடம் இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். சில லோட் கிறவலும் ஒரு நாள் சிரமதானமும் போதும். ஆனால் ஏ9 வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது, ஒழுங்கை பெரும்பாலும் பிரதேச சபைக்கு உரியது. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதமொன்றை இரு இடத்துக்கும் கொடுத்து அனுமதி பெற்றபின் தொடங்குங்கள். கடிதத்தின் பிரதி பிரதேச செயலகத்திலும் இருக்கட்டும்.

வீதியை மறைக்கும் பற்றைகளை வெட்டுவது நல்ல வேலை. ஆனால் வெட்டுவதற்கு முன் அந்தத் துண்டு நிலம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை, மஞ்சள் நாடா, சிவப்பு பூசிய கட்டைகள் தெரிந்தால் கத்தியை எடுக்கவேண்டாம். பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்றும் எண்ணவேண்டாம். பஸ்ஸுக்கு வழிவிட அவசரமாக வீதியை விட்டுப் பற்றைக்குள் இறக்குவதும் இதே காரணத்தால் கூடாது.

மாசி, பங்குனியில் காலபோக நெல் வீதியோரத்தில் காயும். நெல்லைக் காயவைக்க வேறு இடம் இல்லாத குடும்பங்களின் நிலை எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒழுங்கை வாயின் இரு பக்கமும் பரப்பாதீர்கள். வாகனங்கள் நெல்லை விலக்கி வீதி நடுவுக்கு வரும். திரும்புபவருக்கு ஒதுங்கவும் இடமிருக்காது.

இரவில் குறுக்கே நிற்கும் பெட்டி

இருட்டில் உழவு இயந்திரம் வலப்பக்கம் திரும்பும்போது அதன் முன் விளக்கு எதிர்ப்பக்கப் பற்றையில் விழும். பின் சிவப்பு விளக்கு இருந்தாலும் அது ஒழுங்கையைப் பார்த்து நிற்கும். வீதிக்குக் குறுக்கே கிடப்பது பெட்டியின் கரிய பக்கம் மட்டும். 80 இல் வரும் சாரதிக்கு அது கிட்டத்தட்ட மோதும் தூரத்தில்தான் தெரியும். ஆகவே ஒளிதெறிக்கும் பட்டியைப் பெட்டியின் பின்னுக்கு மட்டுமன்றி இரு பக்கமும் ஒட்டுங்கள். முன்மூலை, நடு, பின்மூலை என்று பக்கத்துக்கு மூன்று. உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சேற்று வேலைக்குப் பின் அதைத் துடைக்கவும் வேண்டும். பட்டி ஒட்டாத பெட்டியை இரவில் ஏ9 இல் ஏற்றாதீர்கள். விடியும் வரை வயலில் நிற்கட்டும்.

விடுமுறைக்கு வரும் உறவினர்

கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே எல்லாம் வலப்பக்கம் ஓடும் நாடுகள். அங்கே இருபது வருடம் ஓட்டியவருக்குப் பெருவீதியில் ஏறும்முன் தலை தானாக இடப்பக்கம் திரும்பும். இங்கே முதலில் மோதக்கூடியது வலப்பக்கத்திலிருந்து வருகிறது. லண்டனிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அங்குள்ள பெருவீதிகள் பலவற்றில் நடுவே தடுப்போ புல்வெளியோ இருக்கும். பாதி பாதியாகக் கடந்து பழகியிருப்பார்கள். ஏ9 இன் பெரும்பகுதியில் நடுவில் ஒரு கோடு மட்டுமே. கோட்டில் நின்று காத்திருக்க முடியாது. ஏறினால் முடிக்கவேண்டும். இங்குள்ள யப்பான் வாகனங்களில் சிக்னல் தடி வலக்கைப் பக்கம் இருப்பதால், திரும்பும் நேரத்தில் சிக்னலுக்குப் பதில் கண்ணாடி துடைப்பான் ஆடும். பின்னால் வருபவருக்கு ஒன்றும் விளங்காது.

நெரிசலான இடத்தைவிட வெறும் வீதியில்தான் இவர்கள் கூடுதலாகத் தடுமாறலாம். நெரிசலில் முன்னால் போகும் வாகனம் வழிகாட்டும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் வானை எடுக்கும்போது வீதியில் ஒருவரும் இல்லையென்றால் கை பழைய பக்கத்துக்கே இழுக்கும். கூட இருப்பவர் வாய் திறக்கவேண்டும்:

“மாமா, முதல் வலப்பக்கம் பாருங்கோ.”

“பாத்தனான் தம்பி, ஒண்டும் இல்ல.”

“ஏறினாப் பிறகு இடப்பக்கத்தில நில்லுங்கோ. நீங்கள் இருக்கிற பக்கம் நடுக்கோட்டுக்கு வரவேணும்.”

இந்தக் கடைசி வரி நல்ல அடையாளம். இங்கே சாரதியின் ஆசனம் எப்போதும் வீதியின் நடுவுக்குக் கிட்டவே இருக்கவேண்டும். வயதில் மூத்தவருக்குச் சொல்வது மரியாதைக் குறைவு என்று பிள்ளைகள் பேசாமல் இருக்கவேண்டாம்; பயணம் தொடங்கும்போதே “சொல்லடா” என்று மாமா சொல்லிவிட்டால் சுலபம்.

வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்து இங்கே ஓட்ட முடியாது. இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியும் பெறவேண்டும்; அதற்கான நடைமுறையை வருவதற்கு முன்பே கேட்டறியுங்கள். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கம்பனி இழப்பீடு மறுக்க இடமுண்டு; வாகனத்தைக் கொடுத்த உள்ளூர்க்காரரும் மாட்டிக்கொள்வார். விமானத்தில் வந்த களைப்போடு அன்றிரவே கட்டுநாயக்கவிலிருந்து ஓட்டிவருவதையும் விடச் சொல்லுங்கள்.

சைக்கிள் பிள்ளைகளுக்கு

ஒழுங்கை வாயில் இறங்குங்கள். உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்து, மறுபக்கத்தில் ஏறுங்கள். பாரில் தம்பி இருந்தால் அவனும் இறங்கவேண்டும். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் இருவரும் பார்க்கவேண்டும். ஒருவர் “வா” என்றதும் மற்றவர் பார்க்காமல் ஓடுவது கூடாது.

குழுவாகச் செய்யும் பயிற்சி

அடுத்த கூட்டத்துக்கு முன் ஐந்தாறு பேர் சேர்ந்து உங்கள் ஒழுங்கை வாய்க்குப் போங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, பொழுதுபட்டபின் ஒரு தடவை. இரு பக்க அடையாளங்களையும், வாகனங்கள் வந்துசேரும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். இரவில் அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒழுங்கையில் உள்ள உழவு இயந்திரங்களையும் பெட்டிகளையும் எண்ணி, எத்தனையில் பக்கப் பட்டி இருக்கிறது என்று குறியுங்கள். பார்வை மறைக்கும் இடம், உயரம் குறைந்த விளிம்பு, தண்டவாளத்துக்கும் வீதிக்கும் இடையிலுள்ள நீளம் ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து கொண்டு வாருங்கள். அந்தத் தாளைக் கிராம அபிவிருத்திச் சங்கக் கடிதத்துடன் இணைக்கலாம்.