பந்தைக் கவனி தம்பி



புரூஸ் லீ நுன்சாக்கு என்ற சங்கிலிக் கோலால் டேபிள் டென்னிஸ் ஆடும் வீடியோவை அனுப்பி, "இது நிஜமா?" என்று கேட்டிருக்கிறாய். பார்த்தவர்களில் பெரும்பாலோர் வியந்து பகிர்வதோடு நின்றுவிடுகிறார்கள். நீ கேட்டாயே, அதுவே நல்லது.

நிஜமில்லை. 2008-இல் நோக்கியா என்96 கைபேசிக்காகச் சீனாவில் எடுத்த விளம்பரம் அது. புரூஸ் லீ மறைந்தது 1973 ஜூலை 20. ஆடுபவர் அவரது சாயலுள்ள நடிகர். பந்து கணினியில் சேர்க்கப்பட்டது.

இந்தத் தகவல் கையில் இல்லாவிட்டாலும் பந்தை வைத்தே சந்தேகப்பட்டிருக்கலாம். நுன்சாக்குக் கோல் உருளை வடிவானது. அதன் விட்டம் 3 செ.மீ. என்று வைத்துக்கொள். பந்தின் விட்டம் 4 செ.மீ. இரண்டும் நேருக்கு நேர் மோதாமல் வெறும் 5 மி.மீ. விலகிப் பட்டாலே பந்து சுமார் 16 டிகிரி திசைமாறும். 2.74 மீட்டர் நீள மேசையின் மறுமுனைக்குப் போவதற்குள் அது ஏறத்தாழ 80 செ.மீ. விலகியிருக்கும். மட்டையின் தட்டைப் பரப்பு தரும் தயவு கோலில் கிடையாது. ஒருமுறை குருட்டாம்போக்கில் படலாம். அடிக்கு அடி, எதிராளி நிற்கும் இடம் பார்த்துப் போகுமா?

பறந்து உதைக்கும் வீடியோ என்றால் பிரேம்களை எண்ணு. இடுப்பு அரை மீட்டர் எழும்பித் திரும்ப அதே உயரத்துக்கு இறங்க 0.64 விநாடி ஆகும். விநாடிக்கு 30 பிரேம் ஓடும் படத்தில் 19 பிரேம். 30 பிரேம் வந்தால் ரோப் கட்டியிருக்கிறார்கள், இல்லையேல் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். 12 என்றால் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். உடல் கனமோ பயிற்சியோ இந்தக் கணக்கை மாற்றாது.

கேமரா பொய் சொல்லாமலும் ஏமாற்று நடக்கும், அதுதான் ஆபத்து. ஜப்பானில் யானாகி ரியூகென் என்ற ஆசான் கையசைத்தால், அவர் தொடாமலே சீடர்கள் சுருண்டு விழுவார்கள். வீடியோவில் வெட்டு ஒட்டு எதுவும் வேண்டியிருக்கவில்லை. 2006-இல் அவர் ஒரு கலப்புத் தற்காப்புக்கலை வீரருடன் மோதினார். எதிராளி விழவில்லை, ஆசான்தான் மூக்கில் ரத்தத்தோடு தோற்றார். ஆகவே, அடி வாங்குபவர் யார், அவர் எதிர்க்கிறாரா என்று பார்.

அதற்காக எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிவிடாதே. 1964-இல் லாங் பீச் போட்டி அரங்கில், பலர் பார்க்க, புரூஸ் லீ ஓர் அங்குலத் தூரத்திலிருந்தே குத்தும் 'ஓர் அங்குலக் குத்தை'ச் செய்துகாட்டினார். அவரது நிஜத் திறமை எந்த விளம்பரத்துக்கும் கடன்பட்டதல்ல.

நாளைக்கு நீ நுன்சாக்கு சுழற்றும் வீடியோவை நீயே போடுவாய். கேமராவை அசையாமல் வை, தலை முதல் கால்வரை தெரியட்டும், வெட்டாமல் போடு. கோல் கைநழுவி விழுந்த முயற்சிகளையும் சேர்த்தே போடு தம்பி. உன்னைப் பார்த்துப் பழக வரும் சின்னப் பிள்ளைகளுக்கு அவையும் தெரிய வேண்டும்.